ஒரு தொலைபேசி, ஐந்து பேர்: தொழில்நுட்பச் சட்ட கிளினிக்கில் கற்பித்த, கற்ற அனுபவங்கள்

ஹட்டன், சட்டத்தரணி

தொழில்நுட்பச் சட்ட கிளினிக்கில் கற்பித்தல் ஃபெலோவாக இருப்பவர் என்னதான் செய்கிறார் என்று மலையகத்துச் சட்ட மாணவர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஒன்றில் அந்தப் பணியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய நான், இப்போது ஹட்டனிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாணவர்களோடு சேர்ந்து இலவச ஆலோசனை அமர்வுகள் நடத்தி வருகிறேன். அங்கே பழகிய முறை இங்கே எந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது, எந்த இடத்தில் அதை மாற்றாமல் ஓரடியும் வைக்க முடியாது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இவ்வகைக் கிளினிக்குகளுக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. ஹார்வர்டின் சைபர்லா கிளினிக் 1999 இல் தொடங்கியது. பெர்க்லியின் சாமுவேல்சன் கிளினிக் 2001 இல் தொடங்கியது. மாணவர்கள் பாட நேரத்தின் ஒரு பகுதியாகவே உண்மையான கட்சிக்காரர்களுக்கு வேலை செய்கிறார்கள். ஒருவர், வழக்கில் தரப்பினர் அல்லாதவர்கள் நீதிமன்றத்துக்கு உதவியாகத் தரும் நண்பர் மனுவை வரைவார். இன்னொருவர் கண்காணிப்புக் கருவிகள் பற்றி அரசிடம் தகவல் கோருவார். வேறொருவர், 1998 இன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் விதிவிலக்குகளுக்காகப் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பிப்பார். ஃபெலோ என்பவர் சில ஆண்டுகள் வழக்காடிய அனுபவமுள்ள சட்டத்தரணி. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் இருப்பார். மாணவர்களின் கோப்புகளை மேற்பார்வை செய்வார், கருத்தரங்க வகுப்பின் ஒரு பகுதியை நடத்துவார், அந்த இடைவெளியில் தாமும் கற்பிக்கக் கற்றுக்கொள்வார்.

மேற்பார்வை என்று சொன்னாலும், அதன் பெரும்பகுதி வாயை அடக்கிக்கொண்டு இருப்பதுதான். மாணவர் ஒரு வரைவோடு வந்து "இது சரியா?" என்று கேட்டால், பதில் தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல், "உங்கள் கட்சிக்காரர் இதை வாசித்தால் என்ன கேட்பார்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாராந்த வகுப்பில், மருத்துவர்கள் நோயாளியைச் சுற்றி நின்று பேசுவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறைப்படி, ஒவ்வொரு மாணவரும் தம் கோப்பில் தீராமல் நிற்கும் ஒரு சிக்கலை எல்லோர் முன்னிலையிலும் வைப்பார். ஃபெலோ கடைசியாகத்தான் பேசுவார். அவசரமாகத் தீர்வு சொல்லிப் பழகிய சட்டத்தரணிக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறில்லை. ஆனால் கட்சிக்காரரின் முடிவு கட்சிக்காரருடையது என்பதை மாணவரின் மனத்தில் பதிய வைக்க இதைவிட நல்ல வழியும் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையை ஊருக்குக் கொண்டுவந்தபோது முதலில் முட்டியது சட்டத்தின் எல்லை. அங்கே பல மாநிலங்களில், மேற்பார்வையின் கீழ் மாணவர் நீதிமன்றத்தில் தோன்ற விதிகள் இடமளிக்கின்றன. இலங்கையில் உயர் நீதிமன்றம் சேர்த்துக்கொண்ட சட்டத்தரணியே மற்றொருவருக்காக ஆஜராகலாம். ஆகவே எங்கள் மாணவர்கள் செய்வது நேர்காணல், முறைப்பாட்டு வரைவு, தகவல் கோரிக்கை, சத்தியக்கடதாசிக்கான குறிப்பு ஆகியவை. இதைக் குறையாக நான் கருதவில்லை, ஏனெனில் தோட்டத்து மக்களின் தொழில்நுட்பச் சிக்கல்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தின் படியை மிதிப்பதற்கு முன்பே கெட்டுப்போகின்றன.

இரண்டாவதாக முட்டியது தொலைபேசி. நாம் படிக்கும் சட்டங்கள் எல்லாம், ஒரு தொலைபேசிக்கு ஒரு மனிதர் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது, தரவுக்கு உரியவர் ஒருவர் தெளிவாக ஒப்புக்கொள்வதை மனத்தில் வைத்துப் பேசுகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் அந்த ஒருவர் யார்? காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தொலைபேசி வீட்டில் இருக்கும். மகள் அதில் பாடக்குறிப்புப் பார்ப்பாள். தாத்தாவின் மருந்துச் சீட்டின் படம் அதில்தான். பக்கத்து வீட்டு அக்காவின் வெளிநாட்டு மகன் அதற்குத்தான் அழைப்பான். சிம் அட்டையோ கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனின் பெயரில் இருக்கும்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் வந்தார். கடன் செயலி ஒன்றின் ஆட்கள் அவரது தொலைபேசியிலிருந்த இலக்கங்களுக்கெல்லாம் அழைத்து, அவர் ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருந்தார்கள். கணக்கப்பிள்ளைக்கும் அழைப்புப் போயிருந்தது, மகளின் ஆசிரியைக்கும் போயிருந்தது. கோப்பை எடுத்த மாணவி, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் பிரிவுகளைக் குறித்துக்கொண்டு, அன்றே பொலிஸ் முறைப்பாடு எழுத ஆயத்தமாகிவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "இந்தத் தொலைபேசியை வேறு யார் பாவிக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டீர்களா?" மாணவி போய்க் கேட்டார். நீண்ட நேரம் பேசாமல் இருந்த அந்தத் தாயார், விடுமுறைக்கு வந்திருந்த மகன்தான் செயலியைத் தரவிறக்கி, தாயாருடைய அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பிக் கடன் வாங்கியிருக்கிறான் என்று சொன்னார். "பொலிஸுக்குப் போனால் என் பிள்ளையைத்தானே முதலில் கூப்பிடுவாங்க, மகள்" என்றார்.

அவர் கேட்டது இரண்டே விடயங்கள். கணக்கப்பிள்ளைக்கும் ஆசிரியைக்கும் இனி அழைப்புப் போகக் கூடாது. மகனின் பெயர் எங்கேயும் வரக் கூடாது. மாணவி முறைப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கடனுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆட்களின் இலக்கங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வரைந்தார். செயலிக்குத் தொடர்புப் பட்டியலைப் பார்க்கக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்துவிடுவது எப்படி என்று தாயாருக்கும் மகளுக்கும் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். அழைப்புகள் நின்றன. சட்டப் புத்தகம் காட்டிய வழியில் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது, வாயை அடக்கிக்கொள்ளக் கற்றுத்தந்த அந்த ஃபெலோஷிப்புக்கு நான் நன்றி சொல்கிறேன்.

கண்டி, சட்ட மாணவி

மேலே எழுதியவரின் அமர்வுகளில் நானும் வேலை செய்கிறேன். கேள்விக்குக் கேள்வியே பதிலாக வருவது தொடக்கத்தில் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். என் கோப்பு முன்பள்ளி ஆசிரியை ஒருவருடையது. அவருடைய படத்தை வைத்து யாரோ போலி முகநூல் கணக்குத் தொடங்கி, தோட்டத்து இளைஞர்களிடம் பணம் கேட்டிருந்தார்கள். சான்றுகள் எல்லாம் தந்தையின் தொலைபேசியில் இருந்தன, ஏனென்றால் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் அது ஒன்றுதான். அமர்வுக்குத் தந்தையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், மகளுக்காகக் கொதித்துப்போயிருந்தார். ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்வரை அந்த ஆசிரியை அக்கா ஒரு வார்த்தையும் முழுதாகச் சொல்லவில்லை. தந்தையை அவமதிக்காமல் அக்காவோடு தனியாகப் பேசுவது எப்படி என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. கடைசியில், சிம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்ற விபரத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இன்னொரு மாணவர் ஐயாவை அடுத்த மேசைக்கு அழைத்துப் போனார். அந்த விபரம் எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டதுதான்.

சான்றைப் பொறுத்தவரை நான் கற்றது, தொலைபேசித் திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்தால் மட்டும் போதாது என்பதாகும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி போனால், விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் வழி வேறு. எந்த வழியில் போனாலும், படம் எந்தக் கருவியில், யாருடைய கையில், எப்போது எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். ஐந்து பேர் பாவிக்கும் தொலைபேசியில் அந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அன்றே அவர் சொல்லச் சொல்ல எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்கி வைப்பதுதான் என் கோப்பில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, கையொப்பமிடும்படி சொன்னார்கள். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அரசியலமைப்பின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதை எடுத்துச் சொல்லி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். அந்த உத்தியோகத்தர் வந்த பின்னர்தான், அக்கா சொன்ன ஒரு முக்கியமான விடயம், அதாவது போலிக் கணக்கிலிருந்த படம் முகநூலில் எங்கும் போடப்படாத படம் என்பது, முதல் வாக்குமூலத்தில் விடுபட்டிருந்தது தெரியவந்தது.

பதுளை மாவட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் சட்டம் படித்தவன் அல்லன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். மாணவர்கள் பசறைப் பக்கம் அமர்வு நடத்த வந்தபோது மேசை நாற்காலி போட்டுக்கொடுத்து, கூடவே இருந்து பார்த்தேன். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் டிவிஷனில் ஒரு விதவைத் தாய். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்குக் கொடுப்பனவு கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைக் கணிக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனால் அந்தத் தாய்க்கு எதில் என்ன பதிவாகியது என்று அலுவலகத்தில் கேட்டால், "கணினியில் அப்படித்தான் வந்திருக்கிறது" என்பதே பதில். வந்திருந்த மாணவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம் என்றார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் போதும், அதை எழுத்தில் எடுத்துக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை என்று அவர் சொன்னபோது, இத்தனை வருடம் பெற்றோருக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்த நான் வியந்து போனேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்குப் பின்னர் ஆணைக்குழு.

பதில் வந்தது. பதிவில் இருந்த தொலைபேசி இலக்கம் அந்தத் தாயினுடையது அல்ல. அவருடைய காம்பராவில் சிக்னல் கிடைக்காது என்பதால் மேட்டு லயத்து உறவினரின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். சரிபார்ப்பதற்காக எடுத்த அழைப்புக்கு அந்த உறவினர் தன் வீட்டு நிலைமையைச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மேன்முறையீடு எழுதிக்கொடுத்திருக்கிறோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையைப் பிரஜைகளுக்குத் தருகிறது. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அதன் மிச்சத்தைச் சுமந்த மக்கள் நாங்கள். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையின் கடைசியில் வி என்ற எழுத்துக்குப் பதிலாக, வாக்குரிமை இல்லாதவர் என்பதைக் காட்டும் எக்ஸ் இருந்தவர்களை என் தலைமுறை நன்றாக அறியும். பதிவேட்டில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதை நாங்கள் கணினி வருவதற்கு முன்பே கண்டிருக்கிறோம். ஆகவே புதிய டிஜிட்டல் அடையாள அட்டை பற்றி மக்களுக்கு விளக்க வரும் பிள்ளைகள், முதியவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று எரிச்சல்படாமல், அவர்களை முதலில் பேச விடுங்கள்.

ஹட்டன், சட்டத்தரணி

ஆசிரியர் ஐயா சொன்ன கணினி முடிவு பற்றி ஒரு சிறு சேர்க்கை. 2022 ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைக் கூறுகிறது. ஆனால் அந்த முடிவு மீளமுடியாத, தொடர்ச்சியான பாதிப்பை உண்டாக்கக்கூடியதாக இருந்தால்தான் அந்த உரிமை பொருந்தும். தவிரவும், அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் தள்ளிப்போனது. அதனால்தான் அந்த மாணவர் தகவல் அறியும் உரிமையின் வழியைத் தேர்ந்தெடுத்தார், நல்ல தேர்வு.

ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில விடயங்கள். அமெரிக்கக் கிளினிக்குகளில் பல, தங்கள் மாநிலத்தில் வழக்காட அனுமதி பெற்றவரை, அல்லது உடனே பெறக்கூடியவரைக் கேட்கும். அதனால் நம்மவர்களுக்கு முதுமாணிப் படிப்பும் அங்குள்ள சட்டத்தரணிப் பரீட்சையும் முன்னே நிற்கும். செலவையும் விசாவையும் முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். எனக்கும் தெரியாது, நேர்முகத்தில் யாரும் கேட்கவுமில்லை. அவர்கள் கேட்டது, ஓர் இளையவரின் வேலையை நான் எப்படித் திருத்தினேன் என்பதைத்தான். மேலே சொன்ன மஸ்கெலியாக் கோப்புக்கு வெகு காலத்துக்கு முன்பு, பொகவந்தலாவையில் ஒரே தொலைபேசியை வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் செய்த முறைப்பாட்டில் கனிஷ்ட சட்டத்தரணி ஒருவரோடு வேலை செய்ததை விவரித்தேன். அங்கேயும் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களும் தங்குமிடங்களில் வாழும் பெண்களும் கருவிகளைப் பகிர்ந்தே பாவிக்கிறார்கள் என்பதால், அவர்களுக்கு அது உடனே புரிந்தது. விண்ணப்பக் கடிதத்தில் இப்படிப்பட்ட ஒரு கோப்பை, கட்சிக்காரரை அடையாளம் காட்டாமல், ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். வரைவை என்னிடம் காட்ட விரும்புகிறவர்கள் மாத இறுதி அமர்வுக்குக் கொண்டுவரலாம். நானும் கேள்விகளைத்தான் எழுதித் தருவேன்.