வரி நோட்டில் இல்லாத பெயர்: திருவிழாக் களப்பணி அனுபவங்கள்

வைகைக்கரை:
மாரியம்மன் பொங்கலுக்கு வரி வசூல், தலைக்கட்டுக்கு (கல்யாணமான ஆண் பேரில் ஊர் கணக்கு வைக்கும் குடும்பத்துக்கு) ரெண்டாயிரம். போன வருஷம் புருஷனை இழந்த ஒரு அம்மா நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை நோட்டின் மேலேயே வைக்கிறார். பொருளாளர் ஒரு விரலால் அதைத் தள்ளி, "ஒனக்கு வரி இல்லத்தா, எடுத்துக்க" என்கிறார். அன்பாகத்தான் சொன்னார். அந்தம்மா எடுக்கவில்லை. "பேரையாவது எழுதுங்கண்ணே" என்று நின்றார். ஆய்வேட்டில் இதை 'வரிவிலக்கு' என்று எழுதிக் கடந்துவிட மனசு வரவில்லை.

கம்மாய்மேடு:
உடனே ஒதுக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். சில ஊரில் கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, சில ஊரில் வரியே கிடையாது. ஆனால் கிடா வெட்டிக் கூறு போடும்போது அந்த வீட்டுக்கும் கூறு உண்டு. வரி வாங்காமலே கூறு கொடுத்தால் அது சலுகை. கூறும் நின்றால்தான் ஊர்க்கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவருக்குக் கூறு போனதா?

முளைப்பாரி:
கூறு மட்டும் போதாதுங்க. காலனிக்காரர்கள், அதாவது தலித் மக்கள், வரி தர முன்வந்தும் வாங்க மறுக்கும் ஊர்கள் உண்டு. வாங்கினால் மரியாதை கொடுக்கணும், சப்பரம் அந்தத் தெருவுக்கும் போகணும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவிக் கோயில் தேரில் உஞ்சனை, தென்னிலை, இறகுசேரி, செம்பொன்மாரி என நான்கு நாட்டாருக்கும் (பல ஊர் சேர்ந்த தொகுதி ஒரு நாடு) வடம் உண்டு. அங்கே பல வருஷத் தகராறு தலித் மக்களும் வடம் பிடிக்கலாமா என்பதில்தான்.

நோட்டுப் பார்க்கப் போகிறவர்கள் ஊர்க்கூட்டத்தில் வரி நிர்ணயிக்கும் நாளிலேயே போய்விடுங்கள். காப்புக் கட்டியபின் பொருளாளருக்குப் பேச நேரமிருக்காது. ஒரு வருஷ நோட்டு உதவாது. மகனுக்குக் கல்யாணமானால் புதுத் தலைக்கட்டு, அதனால் பெயர் கூடுவதற்குக் காரணம் சுலபமாகத் தெரியும். குறைவதுதான் சிக்கல்: சாவா, பங்காளிச் சண்டையா, மதம் மாறினார்களா? ஐந்து வருஷ நோட்டை வரிசையாக வைத்து, விழுந்த பெயர்களைத் தனியே எழுதுங்கள். காரணத்தை முளைப்பாரி வளர்க்கும் வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள், பொருளாளர் சொல்லாதது அங்கே வரும். செல்போனில் படம் எடுக்காதீர்கள். பாக்கிக்காரர் பெயர் வெளியே போனால் அடுத்த வருஷம் நோட்டு கிடைக்காது. கையால் எழுதி, பெயருக்குப் பதில் எண் போடுங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் பழைய கணக்கு பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், அந்த வருஷம் ஜூலையில் தொடங்கும் கணக்கு அது.

வைகைக்கரை:
கம்மாய்மேடு, நீங்கள் கேட்ட அம்மாவுக்குக் கூறு போனது. பட்டியலில் கொழுந்தன் பெயருக்கு நேரே இரண்டு கூறு என்று எழுதி, அவர் கையில்தான் கொடுத்தார்கள். இதைச் சலுகை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கூறு போனதா என்பதோடு, யார் பெயரில், யார் கையில் போனது என்பதையும் குறிக்கணும்.