கறுப்பு நாய் படத்தில் கரிக்கட்டையாகவே விழுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பக்கத்துக் காப்பகம் ஒன்றில் மூன்று மாதமாகச் சனிக்கிழமை காலைகளில் நாய், பூனைகளைப் படமெடுத்துக் கொடுக்கிறேன். தத்தெடுக்க வருபவர்கள் முதலில் பார்ப்பது படத்தைத்தான். பழுப்பு, வெள்ளை நாய்களுக்குப் பிரச்சினை இல்லை. சிக்கல் ஒரு கறுப்பு ஆஃப்ரிகானிஸ் (இங்கத்திய நாட்டு நாய்) கலப்பு பெண் நாய். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிவந்தவள், இன்னும் ஆள் தேடி வரவில்லை. எந்தப் படத்திலும் கண், மூக்கு எதுவும் தெரியாத கறுப்புத் திட்டு.

கேமரா கேனன் 700டி, லென்ஸ் 50 எம்எம் எஃப்1.8. தகரக்கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் கம்பிவலை. வலைக்கு வெளியே நின்றால் ஃபோகஸ் கம்பியைத்தான் பிடிக்கிறது. அதனால் உள்ளே போய் உட்கார்ந்து எடுக்கிறேன். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) ரோமம் சாம்பலாகிப் பின்சுவர் வெளுத்துவிடுகிறது. லென்ஸ் துளையை எஃப்1.8-க்கு அகலத் திறந்தால் மூக்கு தெளிவு, கண் மங்கல். துளையைக் குறுக்கி எஃப்4-க்குப் போனால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, ஒரே புள்ளி புள்ளியாக. ஃபிளாஷ் ஒரே ஒருமுறை போட்டேன். கண் பச்சையாக மின்னியது, பாவம், மூலைக்குள் ஒடுங்கிவிட்டாள். இனி போடமாட்டேன். பதினொரு மணி வெயிலில் முற்றத்துக்குக் கூட்டிவந்தும் பார்த்தாயிற்று: முதுகு பளபளக்கிறது, முகம் இருட்டு.

ஃபிளாஷ் இல்லாமல், ரோமமும் கண்ணும் தெரிய, அவளை எந்த நேரத்தில், வெளிச்சத்துக்கு எந்தப் பக்கமாக உட்காரவைத்து எடுக்கலாம்?