பவுடர் கோட்டிங் ஓவனில் கீழ் வரிசை மட்டும் வேகவில்லை

கேள்வி:
வணக்கம். உலோகத்தின் மீது தூவிய வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கிப் பூச்சாக்கும் எங்கள் பட்டறையின் மின்சார ஓவனில் கன்ட்ரோலர் 200 டிகிரி செல்சியஸ் காட்டியும், மேல் வரிசையில் தொங்கும் வெள்ளை கிரில்கள் மஞ்சளடிக்கின்றன. கீழ் வரிசையிலோ நகத்தால் கீறினாலே பூச்சு உரிகிறது. ஓவனுக்குள் சூடான காற்றைச் சுழற்றும் புளோயரின் மோட்டாருக்குப் புதிய கேபிள் இழுத்த பிறகே இது தொடங்கியது. ஹீட்டர்களை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
ஹீட்டரில் கை வைக்கும் முன் புளோயர் சுற்றும் திசையைப் பாருங்கள், ஐயா. மூன்று ஃபேஸில் இரண்டு வயர்கள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆனாலும் மையவிலக்கு புளோயர் அதே வாய் வழியாகவே காற்றைத் தள்ளும் என்பதால், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும், காற்றின் அளவு மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால் சூடு மேலேயே தங்கி, கீழே போதாமல் போகும். உறையிலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். மாற்றும்போது மெயினை அணைத்துப் பூட்டிவிடுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது.

மறுமொழி 2:
கன்ட்ரோலர் காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பத்தை மட்டுமே. பல பவுடர்களுக்கு, உலோகமே 200 டிகிரியை எட்டிய பிறகு சுமார் 10 நிமிடம் தேவைப்படும். மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் தெர்மோகப்பிள்களை (வெப்பநிலை அளக்கும் சென்சார்கள்) பொருளின் மீதே பொருத்தி அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அம்புக்குறிக்கு எதிராகத்தான் சுற்றியது. வயர்களை மாற்றியதும் கீழ் வரிசைப் பூச்சு கீறலுக்கு உரியவில்லை. தெர்மோகப்பிள் வைத்தும் அளக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.