பெங்களூர் குளிர்ல மாவு பொங்கல, ஹெல்ப் ப்ளீஸ்

அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம், அல்சூர்ல இருக்கேன். நாங்க ரக்பி பாக்குற செட்டு ஒண்ணு, பாதி பேரு நியூசிலாந்து பக்கம் பாதி பேரு சவுத் ஆப்ரிக்கா பக்கம், 2023 உலகக்கோப்பை பைனல்ல நியூசிலாந்து 12-11னு ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்துச்சே, அந்த சண்டை இன்னும் ஓயல, நியூசிலாந்து கேப்டனுக்கு ரெட் கார்டு விழுந்து 15 பேருக்கு பதிலா 14 பேரோட ஆடினாங்கல்லன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். எங்க பந்தயம் எப்பவும் சாப்பாடுதான், தோத்தவங்க வீட்ல மறுநாள் எல்லாருக்கும் டிபன்.

இந்த வாரம் என் முறை, 12 பேருக்கு இட்லி. நவம்பர் மேட்ச் எல்லாம் ஐரோப்பால நடக்குறதால நமக்கு ராத்திரி லேட்டாதான் முடியும், அதனால சாயங்காலமே ஆட்டி வச்சேன், இட்லி அரிசி 4 உளுந்து 1, கொஞ்சம் வெந்தயம். காலைல திறந்தா வச்ச மட்டத்துலயே நிக்குது, மேல ஒரு குமிழ் கூட இல்ல, ஊத்திப் பாத்த ஒரு ஈடும் தட்டையா கெட்டியா வந்துச்சு. மனசே விட்டுப்போச்சு.

உப்பு ஆட்டும்போதே போடணுமா, பொங்கினப்புறமா? ஓவன்ல லைட் மட்டும் போட்டு வச்சா போதுமா? கிரைண்டர் இல்ல, மிக்சிதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ், எங்கம்மா சுடுற மாதிரி பஞ்சு இட்லி எங்க செட்டுக்கு ஒரு தடவையாவது போடணும்.