டான்டலியன்: வேரும் இலையும் வெவ்வேறு மருந்து

மஞ்சள் பூப் பூக்கும் டான்டலியன் என்னும் மூலிகைச் செடியை மருந்தாக நாடுகிறவர்கள் அதன் வேரையும் இலையையும் ஒன்றாகவே எண்ணிவிடக் கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்து வலியுறுத்த விரும்புகிறேன். சாப்பிட்டு வெகுநேரமாகியும் வயிறு மந்தமாகவும் உப்புசமாகவும் இருந்துவந்த காலத்தில் எனக்குக் கைகொடுத்தது வேர்தான். இலையுதிர் காலத்தில் தோண்டும் வேரில் இனுலின் என்னும் நார்ச்சத்து மிகுந்திருக்கும் என்பதால், அப்போது எடுத்த வேரை மண் போகக் கழுவி, பால் கசியக் கசிய நறுக்கி, நன்றாக உலர்த்தி வைத்துக்கொண்டேன். அதைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டிய கஷாயத்தை உணவுக்குச் சற்று முன்பாக, சர்க்கரை சேர்க்காமல், மெல்ல அருந்துவேன். கசப்பு நாவில் பட்டதும் உமிழ்நீர் ஊறிப் பசி எடுப்பதை ஒவ்வொரு முறையும் உணர்ந்தேன். மந்தம் ஒரே நாளில் மறையவில்லை, மெதுவாகத்தான் குறைந்தது.

இலையின் குணம் வேறு; அது சிறுநீரைப் பெருக்குவது. 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இலைச்சாற்றை உட்கொண்ட 17 பேர் வழக்கத்தைவிட அதிக முறை சிறுநீர் கழித்ததாகப் பதிவாகியுள்ளது. ஆயினும் அது ஒரு நாள் மட்டுமே நடந்த சிறிய சோதனை என்பதால், அதை நம்பிக் கால்வீக்கத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ தாமாகவே வைத்தியம் செய்துகொள்வதை நான் ஏற்கவில்லை.

செடியை இனங்காண்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். கிளையோ இலையோ இல்லாத, உள்ளே குழலாக இருக்கும் தண்டின் நுனியில் ஒரே ஒரு மஞ்சள் பூ இருக்க வேண்டும். தண்டு கிளைத்திருந்தாலோ இலை முழுக்கச் சொரசொரப்பான ரோமம் இருந்தாலோ அது வேறு செடி. களைக்கொல்லி தெளித்த புல்வெளியில் வளர்ந்ததைத் தொடவே மாட்டேன்.

என் பெரியம்மா இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்னும் மருந்தை உட்கொண்டுவந்தார். இலையைக் கீரையாகச் சமைக்கலாமா என்று அவர் கேட்டபோது, அதிலுள்ள ஏராளமான வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம் என்று சொன்னேன். மருத்துவரும் அதையே உறுதிப்படுத்தினார். பித்தநாள அடைப்போ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்களும், மனநலக் கோளாறுக்கான லித்தியம் மருந்தை உட்கொள்கிறவர்களும், சாமந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்களும் வேர், இலை எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.