சீனப் புவி அறிவியல் பல்கலைக்கழகம்: ஒரே பெயரில் இரண்டு இருப்பது ஏன்?

கேள்வி
தொல்லுயிர்ப் படிவங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், ஆசிரியர் பெயருக்குக் கீழே ‘சீனப் புவி அறிவியல் பல்கலைக்கழகம்’ என்று போட்டு, சிலவற்றில் ஊகான் என்றும் சிலவற்றில் பெய்ஜிங் என்றும் குறிப்பிடுகிறார்கள். ஒன்று மற்றொன்றின் கிளையா? இரண்டுமே 1952-ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்வதால் குழப்பம் கூடுகிறது.

மறுமொழி 1
கிளை அல்ல, நண்பரே. இன்று இரண்டுக்கும் நிர்வாகம் தனித்தனி. வேர் மட்டும் ஒன்று. சோவியத் முறையைப் பின்பற்றிச் சீன அரசு 1952-இல் உயர்கல்வியைத் துறைவாரியாகக் கலைத்து அடுக்கியபோது, பெய்ஜிங் பல்கலைக்கழகம், சிங்ஹுவா பல்கலைக்கழகம், தியான்ஜின் பல்கலைக்கழகம், தாங்ஷான் ரயில்வே கல்லூரி ஆகியவற்றின் நிலவியல் பிரிவுகளை ஒன்றுசேர்த்து உருவாக்கியதே பெய்ஜிங் நிலவியல் கல்லூரி. அடுத்த ஆண்டே முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கவிருந்தது. நிலக்கரி, இரும்பு, எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று மலை மலையாக ஏறித் தேட ஆள் வேண்டியிருந்தது. ஏறுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: 1960-இல் எவரெஸ்டின் வடக்குப் பக்கமாக உச்சியை அடைந்த சீனக் குழுவின் வாங் ஃபூசோ இங்கே படித்தவர்தான். பின்னாளில் பிரதமரான வென் ஜியாபாவோவும் அப்படியே.

மறுமொழி 2
மேலே சொன்னதில் விடுபட்டது இடப்பெயர்வு. உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1970-களின் தொடக்கத்தில், கல்லூரியைத் தலைநகரிலிருந்து கிளப்பி ஹூபெய் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். முதலில் ஜியாங்லிங், பெயரும் ஹூபெய் நிலவியல் கல்லூரி என்று மாறியது. 1975-இல் ஊகானில் நிலைகொண்டு ஊகான் நிலவியல் கல்லூரி ஆயிற்று. 1978-இல் பெய்ஜிங்கின் பழைய வளாகத்தில் பட்டமேற்படிப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். அங்கேயே இரட்டை வாழ்க்கை ஆரம்பமாகிவிட்டது என்பது என் கருத்து. 1987-இல் இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இன்றைய பெயர் வந்தது. நிர்வாகம் முழுதாகப் பிரிந்தது 2005-இல். ஆகவே 1952-ஐ உரிமை கொண்டாட இருவருக்குமே நியாயம் உண்டு.

மறுமொழி 3
ஓர் ஆளை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். யின் ஹொங்ஃபு பெய்ஜிங் நிலவியல் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, கல்லூரியோடு ஊகானுக்குப் போனவர். புவி வரலாற்றில் பெர்மியன் என்னும் காலம் முடிந்து டிரையாசிக் என்னும் அடுத்த காலம் தொடங்கும் எல்லையை, ஹிண்டியோடஸ் பார்வஸ் என்னும் கோனோடான்ட் இனம் முதன்முதலாகத் தோன்றும் இடத்தில் வைக்கலாம் என்று அவர் குழு 1986-இல் முன்மொழிந்தது. கோனோடான்ட் என்பது கண்ணுக்கு எளிதில் அகப்படாத பல் போன்ற நுண்படிவம். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் வண்டலை நுண்ணோக்கியில் துழாவித்தான் அதைப் பொறுக்க வேண்டும். செஜியாங் மாநிலத்து மெய்ஷான் பாறையடுக்கை அந்த எல்லைக்கான உலகப் பொது அடையாளமாக 2001-இல் ஏற்றுக்கொண்டார்கள். முன்மொழிந்தபோது கல்லூரி, ஏற்றபோது பல்கலைக்கழகம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. 1980-களின் கட்டுரைகளில் கண்ட ‘ஊகான் நிலவியல் கல்லூரி’யை வேறொரு நிறுவனம் என்று எண்ணித் தனிக் கோப்பில் போட்டிருந்தேன். 2005-க்கு முந்தைய அனைத்தையும் இன்றே ஒன்றாக்கிவிடுகிறேன்.