தனியாகிவிட்ட லவ் பேர்டுக்கு எந்தப் பறவையைத் துணையாக விடலாம்?

மொட்டைமாடி:
வீட்டில் நீல நிற லவ் பேர்ட் ஒன்று இருக்கிறது (கடையில் அப்படிச் சொல்லி விற்கிறார்களே, அந்தச் சின்ன பட்ஜி). ஜோடியாகத்தான் வாங்கினோம், போன மாதம் ஒன்று செத்துவிட்டது. மிச்சமிருப்பது வெளியே விட்டால் நேராகச் சமையல் மேடைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறது, தின்ற தினையைக் கக்கி டம்ளருக்கு ஊட்டுகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஒரு கடைக்காரர் ஃபிஞ்ச் (சிட்டுக்குருவி மாதிரிச் சின்னக் குருவி) விடலாம் என்கிறார், இன்னொருவர் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் விடுங்கள், பெயரே லவ் பேர்ட்தானே என்கிறார். கூண்டு இரண்டடி நீளம். முட்டை, குஞ்சு எல்லாம் வேண்டாம். என்ன செய்யலாம்?

தினைக்காரன்:
ஆப்பிரிக்கனை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது வேறு இனக் கிளி. பெயரைப் பார்த்து நானும் ஏமாந்தவன்தான், ஒரே கூண்டில் விட்டு மறுநாள் காலையில் துணியை விலக்கிப் பார்த்தால் என் பட்ஜிக்கு ஒரு விரல் நுனி இல்லை, கம்பியெல்லாம் ரத்தம். ஃபிஞ்ச் கதை நேரெதிர், அங்கே உங்கள் பட்ஜிதான் ரவுடி, ஃபிஞ்சின் குச்சிக் காலைக் கடித்துவிடும்.

பட்ஜிக்குத் துணை பட்ஜிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் கூட்டம் கூட்டமாகத் திரிகிற இனம் அது. உங்களுடையது ஆணா பெண்ணா? அலகுக்கு மேலே, மூக்குத் துளை இருக்கும் மேடு என்ன நிறம்?

மொட்டைமாடி:
நல்ல நீலம். சரி, பச்சைக்கிளி ஒன்று தருவதாக ஊரில் தெரிந்தவர் சொல்கிறார், அது ஒத்துவருமா?

கூண்டுக்கம்பி:
தம்பி, அது வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம், அந்த அலகுக்கு முன்னால் பட்ஜி எம்மாத்திரம்.

நீலம் என்றால் உங்களுடையது ஆண், அந்தக் கக்கி ஊட்டுவதும் பெரும்பாலும் ஆண் செய்கிற வேலைதான். முட்டை வேண்டாம் என்பதால் இன்னொரு ஆணையே வாங்குங்கள், இரண்டு ஆண்கள் சண்டை போடாமல் ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். இரண்டு பெண்ணை ஒரே கூண்டில் விட்டு முட்டையிடும் பானையும் தொங்கவிட்டால்தான் ரணகளம். வளர்ந்த பெண்ணுக்கு அந்த மேடு பழுப்பாக, சில சமயம் சொரசொரப்பாக இருக்கும். குஞ்சாக வாங்கினால் கவனம்: ஒரே மாதிரி இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்றால் ஆண், துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். மஞ்சளில் சிவப்புக் கண் உள்ளதையும் முழு வெள்ளையையும் வாங்காதீர்கள், அதில் ஆணுக்குக் கடைசி வரை நீலம் வராது, குழம்பிவிடுவீர்கள்.

ஆமாம், முதல் பறவை எதனால் செத்தது என்று யாருமே கேட்கவில்லையே?

மொட்டைமாடி:
தெரியவில்லை அண்ணா. இரண்டு நாள் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, மூன்றாம் நாள் கீழே கிடந்தது.

மாடிவீட்டுஅக்கா:
அப்படியானால் அவசரப்படாதீங்க. முதலில் இருக்கிறதை ஒரு பறவை டாக்டரிடம் காட்டுங்கள், எச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கூண்டை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், மரக்குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். புதுப் பறவை வந்தால் ஒரு மாதம் வேறு அறையில், வேறு கூண்டில். பழையதற்குத் தீனி போட்ட பிறகுதான் புதியதிடம் போக வேண்டும், கையைக் கழுவாமல் திரும்பக் கூடாது. அப்புறம் ஒரு வாரம் கூண்டுகளைப் பக்கத்தில் வைத்து, பிறகு இரண்டையும் அறைக்குள் ஒன்றாகப் பறக்க விட்டுப் பார்த்து, கடைசியில்தான் ஒரே கூண்டு. தீனிக் கிண்ணம் இரண்டு, கடல் நுரை (கொத்தித் தின்னும் கணவாய் ஓடு) இரண்டு. பானை கட்டவே கட்டாதீர்கள்.

என்னிடம் காக்டெயிலும் (கொண்டை வைத்த கிளி) பட்ஜியும் ஒரே அறையில் இருக்கின்றன, ஆனால் கூண்டு தனித்தனி. காக்டெயில் உருவத்தில்தான் பெரிசு, இந்தச் சின்னது வாலைப் பிடித்து இழுத்தால் பேசாமல் நகர்ந்து போய்விடும். இரண்டடிக் கூண்டில் அதற்கு எங்கே போக இடம்?

மொட்டைமாடி:
நன்றி அக்கா. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம், அதுவரை கடைப் பக்கமே போவதில்லை. டம்ளரை எடுத்து ஒளித்துவைத்தேன், இப்போது குக்கரிடம் பேசிக்கொண்டிருக்கிறது.